விமானத்தின் ரகம் பார்த்து டிக்கெட் எடுப்பதும் மாற்றுவதும்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பயணிகளுக்கு முழுமையான வழிகாட்டி

ஒருவர் போயிங் 737 மேக்ஸ் வேண்டாம் என்பார். இன்னொருவர் 787 வேண்டாம் என்பார். காற்றாடி வைத்த சின்ன விமானத்தில் ஏறவே மாட்டேன் என்பவர்களும் உண்டு. அந்தப் பயம் சரியா தவறா என்ற விவாதத்துக்குள் இங்கே போகவில்லை. வேண்டாத ரகத்தைத் தவிர்த்து டிக்கெட் எடுப்பது எப்படி, எடுத்த பிறகு ரகம் மாறினால் அதிகப் பணம் போகாமல் வெளியே வருவது எப்படி என்பது மட்டுமே பேச்சு.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வையுங்கள். டிக்கெட்டில் நீங்கள் வாங்குவது தடம், தேதி, நேரம், வகுப்பு ஆகியவற்றைத்தான். விமானத்தின் ரகம் அந்த ஒப்பந்தத்தில் சேராது. முன்னறிவிப்பு இல்லாமலே விமானத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் பயண நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கின்றன. ஆகவே "ரகத்தை மாற்றிவிட்டீர்கள், முழுப் பணத்தையும் கொடுங்கள்" என்று கவுண்டரில் நின்று கேட்டால் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது. உங்கள் பலம் எல்லாம் டிக்கெட் எடுப்பதற்கு முன்பும், வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பும்தான் இருக்கிறது. கீழே உள்ள படிகளின் வரிசை அதற்கு ஏற்ப அமைந்தது, வரிசையை மாற்றாதீர்கள்.

1. எந்த ரகம் வேண்டாம் என்பதைத் துல்லியமாக எழுதிக்கொள்ளுங்கள்

"போயிங் வேண்டாம்" என்று பொதுவாகச் சொன்னால் நல்ல நேரத்தில் கிளம்பும் பாதி விமானங்களைக் காரணமில்லாமல் இழப்பீர்கள். "பழைய விமானம் வேண்டாம்" என்பதைத் தேடுபொறியில் வடிகட்டவே முடியாது. ரகத்தின் பெயரும் அதன் குறியீடும் கையில் இருக்க வேண்டும்.

அதிகம் பேர் தடுமாறுவது 737-இல். 737-800 என்பது முந்தைய தலைமுறை. 737-8 என்பதுதான் மேக்ஸ். பல தளங்களில் "மேக்ஸ்" என்ற சொல் வராமல் 737-8 என்று மட்டும் வரும். இரண்டு பூஜ்யங்கள்தான் வித்தியாசம். 737-8-200 என்று இருந்தால் அதுவும் மேக்ஸ்தான். இருக்கைகள் கூடுதலாகப் போடும்படி செய்த வடிவம். குறியீட்டில் குழப்பம் இல்லை: 737-800க்கு 738, மேக்ஸ் 8க்கு 7எம்8, மேக்ஸ் 9க்கு 7எம்9. விமானத்தைப் பின்தொடரும் செயலிகளில் மேக்ஸ் 8 என்பது பி38எம் என்று வரும்.

மற்றவை: ஏர்பஸ் ஏ320நியோ 32என், ஏ321நியோ 32க்யூ, போயிங் 787-8 என்பது 788, 787-9 என்பது 789, 777-300இஆர் என்பது 77டபிள்யூ, ஏ350-900 என்பது 359, காற்றாடி வைத்த ஏடிஆர் 72 என்பது ஏடி7.

2. தேடத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் சொந்தக் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும். நம் ஊர்களில் டிராவல்ஸில் டிக்கெட் எடுக்கும்போது பல இடங்களில் கடைக்காரரின் எண்ணையும் மின்னஞ்சலையுமே போட்டுவிடுகிறார்கள். நேரம் மாறினாலும், இருக்கை மாறினாலும் செய்தி அவருக்குத்தான் போகும். அவர் பார்த்து உங்களைக் கூப்பிடுவதற்குள் இலவச மாற்றத்துக்கான அவகாசம் முடிந்திருக்கும். "என் நம்பரைப் போடுங்கண்ணே" என்று சொல்லி, திரையில் அது ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

அடுத்து, விமான நிறுவனம் தரும் பி.என்.ஆர். என்ற பதிவுக் குறியீடு. எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்கள் கொண்டது அது. டிராவல்ஸோ முன்பதிவுத் தளமோ தரும் நீளமான பதிவு எண் வேறு. அதை வைத்து நிறுவனத்தின் செயலியில் எதையும் திறக்க முடியாது.

வெளிநாடு போகிறவர்களுக்கு விசாவின் கடைசித் தேதி. "ஓகே டு போர்டு" (விசாவைச் சரிபார்த்து ஏறலாம் என்று நிறுவனம் முன்கூட்டியே தரும் ஒப்புதல்) தேவைப்படும் பயணமென்றால் அது எந்த நிறுவனத்தில் பதிவானது என்ற விவரமும் வேண்டும். நிறுவனத்தையே மாற்றினால் அந்த வேலையைப் புதிதாகச் செய்ய வேண்டிவரும். இதை மறந்துவிட்டு விமானத்தை மட்டும் மாற்றியவர்கள் கவுண்டரில் மாட்டிக்கொள்கிறார்கள்.

3. விமானத்தைத் தேடாதீர்கள், முதலில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்

வழிகாட்டியில் முக்கியமான படி இதுதான். ஒரு நிறுவனம் நான்கு ரகங்களை ஓட்டினால், இன்று நல்ல ரகம் காட்டும் விமானம் நாளை வேறாக மாறலாம். நீங்கள் தவிர்க்கும் ரகம் அந்த நிறுவனத்திடம் ஒன்றுகூட இல்லையென்றால் மாறுவதற்கு வழியே இல்லை. ஒரு பறப்பின் விவரத்தைவிட நிறுவனத்தின் மொத்த அணியே, அதாவது அது வைத்திருக்கும் விமானங்கள் எல்லாமே, நம்பகமான தகவல்.

737 மேக்ஸைத் தவிர்க்கிறவர்களுக்கு: ஆகாசா ஏர் முழுக்க மேக்ஸ் ரகத்தையே ஓட்டுகிறது. அங்கே டிக்கெட் எடுத்துவிட்டு, "வேறு நேரத்து விமானத்துக்கு மாற்றிக் கொடுங்கள்" என்று மாற்றுக் கட்டணம் கட்டுவதில் பயனே இல்லை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் 737-800, 737-8, ஏ320 குடும்பம் எல்லாம் கலந்திருக்கின்றன. ஆகவே உறுதி கிடையாது. ஸ்பைஸ்ஜெட்டிலும் மேக்ஸ் உண்டு. இண்டிகோவின் அடிப்படை அணி ஏ320 குடும்பமும் ஏடிஆரும்தான், ஆனால் குத்தகைக்கு எடுத்த போயிங் விமானங்களையும் சில தடங்களில் ஓட்டியிருக்கிறது. முன்பதிவுப் பக்கத்தில் இயக்குபவர் பெயரைப் படிக்காமல் பணம் கட்ட வேண்டாம்.

787 வேண்டாம் என்பவர்களுக்கு: உள்நாட்டுப் பயணத்தில் பெரும்பாலும் கவலையில்லை, ஒற்றை நடைபாதை விமானங்களே அதிகம். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். எமிரேட்ஸ் 777, ஏ380, ஏ350 ரகங்களை ஓட்டுகிறது. ஏர் அரேபியாவின் அணி ஏ320 குடும்பம். கல்ஃப் ஏரில் ஏ320 குடும்பத்தோடு 787-9 உண்டு. எத்திஹாட், கத்தார் ஏர்வேஸ் இரண்டிலும் 787 நிறைய இருக்கிறது.

கூட்டு டிக்கெட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. பெங்களூருவிலிருந்து துபாய் வரை எமிரேட்ஸ், அங்கிருந்து வேறு ஊருக்கு இணைப்பு என்று ஒரே டிக்கெட்டில் எடுப்பீர்கள். இரண்டாவது கட்டத்துக்கும் எமிரேட்ஸ் எண்ணே இருக்கும். ஆனால் இயக்குவது ஃப்ளைதுபாயாக இருக்கலாம். ஃப்ளைதுபாய் 737 மட்டுமே ஓட்டுகிறது, அதில் மேக்ஸும் அடக்கம். "இயக்குபவர்" என்று சின்ன எழுத்தில் வரும் வரியை ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகப் படியுங்கள்.

ஏடிஆர் போன்ற காற்றாடி விமானம் வேண்டாம் என்பவர்கள் சேலம் விமான நிலையத்தை மறந்துவிட வேண்டியதுதான். தர்மபுரிக்காரர்களுக்குத் தொப்பூர் தாண்டி ஓமலூர் பக்கம் காமலாபுரம் போவது வசதி. பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி போவதில் மூன்றில் ஒரு பங்கு தூரம்கூட இல்லை. ஆனால் அங்கே வந்துபோகும் பயணிகள் விமானங்கள் ஏடிஆர் 72 ரகம். நேரத்தையும் நிறுவனத்தையும் மாற்றினாலும் ரகம் மாறாது.

பெங்களூருவில் பொருத்தமான நிறுவனம் கிடைக்காவிட்டால் சென்னையையும் சேர்த்துத் தேடுங்கள். மொரப்பூரிலோ ஜோலார்பேட்டையிலோ ரயிலேறிப் போய்விடலாம். கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லாததால் அங்கிருந்து ஜோலார்பேட்டைக்கு ஒரு பேருந்துப் பயணம் கூடும். அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்த பிறகே சென்னையைத் தேர்ந்தெடுங்கள்.

4. அந்த விமான எண்ணின் கடந்த 7 நாள்களைப் பாருங்கள்

நிறுவனத்தைத் தேர்ந்த பிறகு, எந்த நேரத்து விமானம் என்று பாருங்கள். கூகுள் ஃப்ளைட்ஸில் ஒவ்வொரு விமானத்தையும் விரித்தால் ரகம் தெரியும். கயாக் தளத்தில் ரகத்தை வைத்தே வடிகட்டலாம். வேண்டாததை நீக்கிவிட்டுப் பட்டியலைப் பார்க்கலாம். ஆனால் இரண்டுமே நிறுவனம் திட்டமிட்டதைக் காட்டுகின்றனவே தவிர, நடப்பதைக் காட்டவில்லை.

நடப்பதைப் பார்க்க ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் விமான எண்ணைப் போடுங்கள். கட்டணமில்லாமலே கடந்த ஒரு வாரத்தில் அந்த எண்ணில் எந்தெந்த விமானம் போனது என்று ரகத்தோடும் பதிவெண்ணோடும் வரும். இந்திய விமானங்களின் பதிவெண் விடி என்று தொடங்கும்.

ஏழு நாளும் ஒரே ரகமென்றால் நல்லது. இரண்டு ரகங்கள் மாறி மாறி வந்தால் அந்த எண்ணைத் தவிருங்கள், திட்டத்தில் நல்ல ரகம் காட்டினாலும் சரி. கிழமையையும் பாருங்கள்: செவ்வாயன்று ஒன்று, சனிக்கிழமை வேறொன்று என்று ஓட்டும் தடங்கள் உண்டு. இரண்டு மாதம் கழித்துப் போகிறீர்கள் என்றால் இந்த ஏழு நாள் சான்று பாதிப் பலம்தான். இடையில் கோடை, குளிர்கால அட்டவணை மாறினால் அணியும் மாறும். மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அந்த மாற்றம் வரும்.

5. டிக்கெட்டை எப்படி எடுப்பது

நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அல்லது செயலியில் எடுப்பதே நல்லது. காரணம், மாற்றம் வரும்போது பேச வேண்டிய ஆள் ஒருவராக இருப்பார். இடையில் வேறு தளமோ கடையோ இருந்தால், நிறுவனம் "எடுத்த இடத்தில் கேளுங்கள்" என்று சொல்லும். அந்த இடத்தில் தனிச் சேவைக் கட்டணமும் பிடிப்பார்கள்.

டிராவல்ஸில்தான் எடுக்க வேண்டியிருந்தால் ஒரு கேள்வி போதும்: "இது குரூப் ஃபேரா, சாதா ஃபேரா?" மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கும் குரூப் டிக்கெட் விலை குறைவாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் தேதியும் மாற்ற முடியாது, ரத்து செய்தால் பணமும் வராது. ரகம் பார்த்துப் பயணிக்கிறவருக்கு அது ஒத்துவராது.

கட்டண வகையில் மலிவானதை எடுக்கும் முன் அதற்கு மேலே உள்ளதன் விலையைப் பாருங்கள். மாற்றுக் கட்டணம் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும் வகைக்குச் சில நூறு ரூபாய்தான் வித்தியாசமென்றால் அதை எடுங்கள். ஆனால் "மாற்றுக் கட்டணம் இல்லை" என்றால் முழுக்க இலவசம் என்று பொருளல்ல. புதிய விமானத்தின் அன்றைய விலைக்கும் உங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டியே ஆக வேண்டும். கடைசி நாளில் இந்த வித்தியாசம்தான் பெரிய தொகையாக வரும்.

உள்நாட்டுப் போகவர டிக்கெட்டை இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளாக எடுப்பது உங்களுக்கு வசதி. ஒரே பி.என்.ஆரில் எடுத்துவிட்டுப் போகும் விமானத்தில் ஏறாமல் விட்டால், திரும்பும் டிக்கெட்டும் தானாக ரத்தாகும் நிறுவனங்கள் உண்டு. தனித்தனியாக இருந்தால் ஒன்றை விட்டாலும் மற்றது நிற்கும்.

இணைப்பு விமானத்துக்கு இதை அப்படியே தலைகீழாக்குங்கள். பெங்களூரு–துபாய் ஒரு டிக்கெட், துபாயிலிருந்து வேறு டிக்கெட் என்று எடுத்து, முதலாவதை ரகத்துக்காக மாற்றினால் இரண்டாவது நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்காது. இணைப்புகள் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும்.

பயணக் காப்பீடு எடுத்தால் பணம் திரும்பும் என்று நம்பி எடுக்காதீர்கள். சாதாரணக் காப்பீடுகள் நோய், மரணம், விமான ரத்து போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கே கொடுக்கும். ரகம் பிடிக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் இருக்காது. எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்று வெளிப்படையாக எழுதிய பாலிசி மட்டுமே உதவும்.

பணம் கட்டிய உடனே கட்டண விதிகள் இருக்கும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் விதி மாறினாலும் நீங்கள் வாங்கிய நாளின் விதிதான் உங்கள் டிக்கெட்டுக்குப் பொருந்தும்.

6. முதல் 24 மணி நேரத்தை வீணாக்காதீர்கள்

இந்தியாவில் டிக்கெட் எடுத்த உடனே கட்டணமில்லாமல் ரத்து செய்யவோ மாற்றவோ ஒரு சிறு அவகாசம் உண்டு. மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2019இல் வெளியிட்ட பயணியர் சாசனத்தில் அது 24 மணி நேரம். அதன்படி புறப்பாடு குறைந்தது 7 நாள் தள்ளி இருக்க வேண்டும். நீங்கள் எடுக்கும் நாளில் நிறுவனத்தின் பக்கத்தில் என்ன அவகாசம் போட்டிருக்கிறது என்று படியுங்கள்; எப்படியிருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் முடிப்பதாக வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் இதே 24 மணி நேரத்துக்குள் சொன்னால் திருத்தக் கட்டணம் இல்லை.

இந்த நேரத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: உறுதிப்படுத்தல் மின்னஞ்சலைத் திறந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் இயக்குபவர் பெயர், ரகம், விமான எண் மூன்றையும் நீங்கள் தேடியபோது பார்த்ததோடு ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் அன்றே ரத்து செய்யுங்கள். "பார்க்கலாம், மாறினாலும் மாறும்" என்று தள்ளிப்போட்டுப் பின்னால் ஆயிரக்கணக்கில் கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

7. புறப்படும் வரை எப்போது பார்ப்பது

தினமும் பார்த்து மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு நேரங்கள் போதும்: வாரத்துக்கு ஒரு முறை, 4 நாள் முன்பு, முந்தைய இரவு, வீட்டை விட்டுக் கிளம்பும் முன்.

4 நாள் முன்பு என்பதற்குக் காரணம் உண்டு. பல நிறுவனங்கள் ரத்து, மாற்றுக் கட்டணத்தை இரண்டு படியாக வைத்திருக்கின்றன. புறப்பாடு நெருங்கி 3 நாளுக்குள் போனால் கட்டணம் ஏறும். உங்கள் டிக்கெட்டின் விதியில் வேறு எண் இருந்தால் அதற்கு ஒரு நாள் முன்பு பாருங்கள்.

ரகம் மாறியதைக் காட்டிக்கொடுக்கும் முதல் அடையாளம் இருக்கை வரைபடம். ஏடிஆரில் இரண்டு இரண்டாக இருக்கும். ஏ320, 737 இரண்டிலும் மூன்று மூன்று. 787இல் சாதா வகுப்பு மூன்று-மூன்று-மூன்று. நீங்கள் காசு கொடுத்து எடுத்த 12ஏ திடீரென்று 14ஏ ஆகியிருந்தாலோ, "உங்கள் இருக்கை மாற்றப்பட்டுள்ளது" என்று செய்தி வந்தாலோ, விமானம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஏ320க்கும் 737க்கும் இடையே, 787க்கும் ஏ350க்கும் இடையே வரைபடம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் என்பதால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். ரகத்தின் பெயரைப் பாருங்கள்.

முந்தைய இரவு ஃப்ளைட்ரேடார்24இல் மறுபடி பாருங்கள். குறிப்பிட்ட விமானத்தின் பதிவெண் பல நேரம் அப்போதுதான் ஏறும்.

கிளம்பும் முன் பார்ப்பதுதான் நம் பக்கத்துக்காரர்களுக்கு உயிர்நாடி. தேவனஹள்ளி விமான நிலையம் கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 130 கி.மீ., தர்மபுரியிலிருந்து சுமார் 175 கி.மீ. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று நெரிசலைக் கடந்தாக வேண்டும். புறப்பாட்டுக்கு 6 மணி நேரம் முன்பாவது வீட்டிலிருந்து கிளம்புவோம். செயலியில் மாற்றும் வசதி புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பே மூடிவிடும். சில்க் போர்டில் வண்டி நிற்கும்போது ரகம் மாறியது தெரிந்தால், நிலையம் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கதவு மூடியிருக்கும். வாசலைத் தாண்டும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று: வெப் செக்-இன்னை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். செக்-இன் ஆன டிக்கெட்டை மாற்ற முதலில் செக்-இன்னை நீக்க வேண்டும். சில செயலிகளில் அதற்கு வழி தெரியாமல் கால் சென்டரைப் பிடிக்க நேரிடும். கடைசிச் சோதனைக்குப் பிறகு செய்தால் போதும்.

8. ரகம் மாறிவிட்டது: இப்போது என்ன செய்வது

முதல் விதி, எதையும் அழுத்தாதீர்கள். செய்தியில் வரும் "ஏற்கிறேன்" பொத்தானை அழுத்தினால் இலவச மாற்றத்துக்கான உரிமை போகலாம். "ரத்து" பொத்தானை அழுத்தினால் அது நீங்களாகச் செய்த ரத்தாகப் பதிவாகிக் கட்டணம் பிடிப்பார்கள்.

இரண்டாவது, நேரமும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ரகம் மாறும்போது புறப்பாட்டு நேரமும் நகர்வது உண்டு. ரகத்துக்காக உங்களுக்கு உரிமை இல்லை, நேரத்துக்காக உண்டு. நேர மாற்றம் நிறுவனம் வைத்திருக்கும் அளவைத் தாண்டினால் கட்டணமில்லாமல் வேறு விமானமோ முழுப் பணமோ தருவார்கள். விமானமே ரத்தானாலும் அப்படித்தான்: டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதிப்படி மாற்று விமானமா பணமா என்று தேர்வது உங்கள் உரிமை. 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று அறிவித்தாலும் அதே தேர்வு உண்டு. ஒரு ரகத்தையே அரசு தரையிறக்கினால், 2019 மார்ச்சில் டிஜிசிஏ 737 மேக்ஸை நிறுத்தியதுபோல, அந்தப் பயணங்கள் ரத்தாகும் அல்லது வேறு ரகத்தில் நடக்கும். அப்போது நீங்கள் முந்திக்கொண்டு ரத்து செய்யாமல் நிறுவனம் அறிவிக்கும்வரை பொறுத்திருங்கள்.

மூன்றாவது, நிறுவனத்தின் தளத்தில் சிறப்பு அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 2020 இறுதியில் 737 மேக்ஸ் திரும்பி வந்தபோது அமெரிக்காவின் யுனைடெட், அமெரிக்கன் இரண்டும், அதில் ஏற விரும்பாதவர்களுக்குக் கட்டணமின்றி மாற்றித் தருவோம் என்று சொல்லின. இப்படிப்பட்டவை நிறுவனம் விரும்பித் தரும் சலுகை. அதே நிறுவனத்தில் அடுத்த வருடமும் இருக்கும் என்று எண்ண முடியாது.

இவை எதுவும் பொருந்தாவிட்டால் போன் செய்யுங்கள். எண்ணைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். விமான நிறுவனங்களின் பெயரில் போலி கஸ்டமர் கேர் எண்கள் நிறைய உலவுகின்றன. "ரீஃபண்ட் போடுகிறேன், இந்த ஆப்பை இறக்குங்கள்" என்று தொடங்கிக் கணக்கைக் காலி செய்துவிடுவார்கள். செயலிக்குள் அல்லது டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் எண் மட்டும். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

பேசும்போது பயத்தையும் செய்திகளில் வந்த விபத்துகளையும் விவரித்துக்கொண்டிருக்க வேண்டாம். எதிரே இருப்பவரால் அதற்கு எதுவும் செய்ய முடியாது. செய்யக்கூடியதைக் கேளுங்கள்: "நான் பதிவு செய்தபோது இந்த எண்ணுக்கு ஏ320 காட்டியது. இப்போது 737-8 காட்டுகிறது. அதே நாளில் காலை ஆறேமுக்கால் விமானத்துக்குக் கட்டண வித்தியாசம் இல்லாமல் மாற்றித் தர முடியுமா?" மாற்று விமானத்தின் எண்ணையும் நேரத்தையும் நீங்களே சொன்னால் ஆம் என்ற பதில் வரும் வாய்ப்பு கூடும். ஒருவர் மறுத்தால் மரியாதையாக வைத்துவிட்டு அரை மணி கழித்து மறுபடி அழைக்கலாம். இது உரிமையல்ல, அவர் விருப்பத்துக்கு உட்பட்டது என்பதால் ஆளுக்கு ஆள் பதில் மாறும். உதவி கிடைத்தால் அதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

அதுவும் நடக்கவில்லையென்றால் மிச்சம் இருப்பது கணக்கு. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். பெங்களூரு–டெல்லி டிக்கெட் 6,500 ரூபாய்: அடிப்படைக் கட்டணம் 5,200, விமான நிலையக் கட்டணங்கள் 800, ஜிஎஸ்டி 5 சதவீதம் 260, இணையப் பதிவுக் கட்டணம் 240. ரத்துக் கட்டணம் 4,000 என்று வைத்துக்கொண்டால் அடிப்படையில் 1,200, நிலையக் கட்டணம் 800, ஆக 2,000 திரும்பும் (ஜிஎஸ்டியில் திரும்புவதை இங்கே சேர்க்கவில்லை). வேறு நிறுவனத்தில் புது டிக்கெட் 7,000 என்றால் கையிலிருந்து கூடுதலாகப் போவது 5,000. அதே நிறுவனத்தில் மாற்றினால் மாற்றுக் கட்டணம் 3,000, விலை வித்தியாசம் 1,800, மொத்தம் 4,800. இருநூறு ரூபாய் மிச்சம் என்று மாற்றப் போகாதீர்கள். அந்த நிறுவனத்தில் ரகம் மறுபடி மாறும் வாய்ப்பு இருந்தால் ரத்து செய்து வெளியே வருவதே புத்தி.

டிஜிசிஏ விதியில் உங்களுக்குச் சாதகமான இரண்டு வரிகள் இருக்கின்றன. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. "பணம் திரும்பாது" என்று விற்ற சலுகை டிக்கெட்டிலும் அரசு வரிகளையும் விமான நிலையத்துக்கான பயனர் மேம்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பியே ஆக வேண்டும். மலிவு டிக்கெட் வைத்திருப்பவர்கள் "எப்படியும் ஒன்றும் வராது" என்று ரத்து செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். ரத்து செய்யுங்கள், கொஞ்சமாவது வரும்.

9. விமான நிலையத்தில் தெரியவந்தால்

பாதுகாப்புச் சோதனைக்கு முன்பென்றால் நிறுவனத்தின் டிக்கெட் கவுண்டருக்குப் போங்கள், செக்-இன் கவுண்டருக்கு அல்ல. பையைப் பெல்ட்டில் போடும் முன்பே பேசுங்கள். பை உள்ளே போய்விட்டால் அதை இறக்கித் திரும்பக் கொடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

சோதனை தாண்டிய பிறகென்றால் போர்டிங் தொடங்கும் முன் கேட் ஊழியரிடம், பயணிக்க விரும்பவில்லை, இறக்கிவிடுங்கள் என்று அமைதியாகச் சொல்லுங்கள். ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னால் எல்லோருக்கும் தாமதம்: பயணிக்காதவரின் பையைத் தேடி இறக்காமல் விமானம் கிளம்பாது, உங்களையும் பாதுகாப்பு அலுவலர்கள் விசாரிப்பார்கள். எந்த நிலையிலும் "வெடிக்கும்", "விழும்" போன்ற சொற்கள் வாயில் வரக் கூடாது. விளையாட்டாகச் சொன்னாலும் வழக்காகும்.

வெளியே நிற்கும் விமானத்தைப் பார்த்தே ரகத்தைச் சொல்லலாம். 737 மேக்ஸின் இன்ஜின் கூட்டின் பின் விளிம்பு ரம்பம்போலப் பல்பல்லாக இருக்கும். 737-800இல் மழமழவென்று இருக்கும். இறக்கை நுனி இரண்டாகப் பிரிந்திருப்பதை வைத்துச் சொல்லாதீர்கள், சில 737-800களிலும் பின்னால் அப்படிப் பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே போனால் முன் இருக்கைப் பையில் உள்ள பாதுகாப்பு அட்டையில் ரகம் அச்சிட்டிருக்கும், ஆனால் அதற்குள் காலம் கடந்திருக்கும்.

சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்துவிடாதீர்கள். நோ-ஷோ என்று பதிவானால் அடிப்படைக் கட்டணம் முழுதும் போகும். அப்போதும் வரிகளையும் நிலையக் கட்டணத்தையும் கேட்டு விண்ணப்பித்தால் திருப்பித் தருவார்கள்; கேட்காவிட்டால் பெரும்பாலும் வராது.

10. பணம் திரும்பவும் புகாருக்கும்

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 7 நாளுக்குள் நிறுவனம் திருப்ப வேண்டும். டிராவல்ஸ் வழியாக எடுத்திருந்தாலும் திருப்பும் பொறுப்பு நிறுவனத்துடையதுதான். முகவர் அவர்களுடைய பிரதிநிதி என்பது டிஜிசிஏ விதி. கடைக்காரர் "இன்னும் வரலை சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தால், பி.என்.ஆரை வைத்து நிறுவனத்துக்கே எழுதுங்கள். பணத்தைக் கிரெடிட் ஷெல்லாக (அடுத்த டிக்கெட்டுக்குப் பயன்படும் வரவாக) வைத்துக்கொள்கிறோம் என்றால் மறுக்கலாம். அதைத் தேர்வது உங்கள் விருப்பம். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு, பணம் திருப்பும் விதி அவர்கள் நாட்டைப் பொறுத்தது. வளைகுடா டிக்கெட்டில் இதை மறக்க வேண்டாம்.

புகார் வரிசை இப்படி: முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில், பிறகு அதன் நோடல் அதிகாரிக்கு (புகார்களைக் கவனிக்கும் பொறுப்பாளர்), அதற்கும் மசியாவிட்டால் மத்திய அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசியாக நுகர்வோர் ஆணையம்: 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பெங்களூருவுக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை.

புகாரில் "ரகத்தை மாற்றினார்கள்" என்பதைத் தலைப்பாக வைக்காதீர்கள். அந்த ஒன்றிலேயே தள்ளுபடியாகும். வரி திரும்பவில்லை, நேரம் மாறியும் மாற்று விமானம் தரவில்லை, காசு கொடுத்த இருக்கை போனதற்குப் பணம் வரவில்லை என்று விதிக்குள் நிற்கும் குறையை முதலில் எழுதி, ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தேதி வரிசையில் இணையுங்கள்.